முன்பாரம் சரியா?

2012 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத் தெருவில் ஒரு பிக்கப் வண்டி விண்வெளி ஓடத்தை இழுத்துக்கொண்டு போனது. ஓய்வுபெற்ற 'எண்டவர்' ஓடம் விமான நிலையத்திலிருந்து கலிஃபோர்னியா அறிவியல் மையத்துக்குத் தெருவழியே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. வழியில் 405-ஆம் எண் நெடுஞ்சாலையின் மேல் ஒரு பாலம். அந்த இடத்தில் மட்டும் ஓடத்தை இலகுவான சக்கர மேடை ஒன்றுக்கு மாற்றி, ஒரு டொயோட்டா டண்ட்ரா பிக்கப்பில் பூட்டினார்கள். ஓடமும் மேடையும் சேர்ந்து சுமார் 130 டன். ஆள் நடக்கும் வேகத்தில், இம்மி ஆடாமல், எண்டவர் பாலத்தைக் கடந்தது.

ஆனால் எந்த நிறுவனத்தின் பிக்கப்பாக இருந்தாலும் சரி, வெறும் 3 டன் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, பின்னால் வருவது பாம்புபோல் நெளிய ஆரம்பித்து, கடைசியில் இழுக்கும் வண்டியையும் சேர்த்துப் புரட்டிப் போட்டுவிடக் கூடும். 130 டன்னுக்கு அசையாதது 3 டன்னுக்கு ஏன் ஆடுகிறது? இழுவைத் திறனைப் பற்றி விளம்பரங்கள் எவ்வளவு பேசினாலும், டிரெய்லர் விஷயத்தில் முதல் கேள்வி 'இழுக்குமா?' என்பதல்ல. 'நேராக வருமா?' என்பதுதான்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பிக்கப்பின் பின்னால் டிரெய்லர் கட்டுவது அன்றாடக் காட்சி. படகு, குதிரை, புல்வெட்டும் இயந்திரம், சக்கரம் வைத்த வீடு என்று எதையும் கட்டி இழுப்பார்கள். அந்த நடமாடும் வீட்டுக்கு 'ட்ராவல் டிரெய்லர்' என்று பெயர். சமையலறை, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளே உண்டு. நீளம் எட்டு மீட்டர், எடை மூன்று டன் என்பதெல்லாம் சாதாரணம். இத்தனையும் பிக்கப்போடு சேர்வது ஒரே ஒரு இடத்தில்: பின்பக்க பம்பருக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும், எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றே பெரிய இரும்புக் குண்டு ஒன்றில். டிரெய்லரின் மூக்கு அந்தக் குண்டின் மேல் தொப்பிபோல் கவிழ்ந்து உட்காரும். வளைவில் திரும்ப இந்தச் சுழல் மூட்டு வேண்டும். ஆட்டம் பிறப்பதும் இதே மூட்டில்தான்.

ஊசல் படுத்துக்கொண்டால்

கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் ஊசல். அதையே தரையில் கிடத்தியதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். குண்டுதான் ஆணி, டிரெய்லர்தான் கல். தொங்கும் ஊசலை நடுவுக்கு இழுப்பது புவியீர்ப்பு. இங்கே அந்த வேலையைச் செய்வது டயர். டிரெய்லர் சற்றே கோணிக்கொண்டால், அதன் டயர்கள் தாம் பார்த்திருக்கும் திசைக்கும் போகும் திசைக்கும் இடையிலான கோணத்தை உணர்ந்து, பக்கவாட்டில் ஒரு விசையைத் தரும். அந்த விசை டிரெய்லரை நேருக்குக் கொண்டுவரும். வந்த வேகத்தில் அது நடுவைத் தாண்டி மறுபக்கம் போகும். மறுபடி டயர் பிடித்து இழுக்கும். ஒருமுறை போய்வர ஏறக்குறைய ஒன்றிலிருந்து இரண்டு விநாடி.

ஊஞ்சலை விட்டுவிட்டால் கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும். பள்ளிப் பாடத்தில் 'தடையுறு அலைவு' என்று படித்தது இதைத்தான். டிரெய்லரின் ஆட்டத்துக்கும் அப்படி ஒரு தடை உண்டு, அதையும் டயர்தான் தருகிறது. ஆனால் இந்தத் தடைக்கு வேகம்தான் எதிரி. டிரெய்லரின் பின்பகுதி விநாடிக்கு அரை மீட்டர் வீதம் பக்கவாட்டில் வீசப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 14 மீட்டர் போனால், டயருக்கு அதனால் கிடைக்கும் சறுக்குக் கோணம் சுமார் 2 பாகை. அதே வீச்சு 100 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் கோணம் 1 பாகைதான். கோணம் பாதியானால் எதிர்க்கும் விசையும் பாதி. வேகம் இரட்டித்தால் தடை பாதியாகிறது என்பதே இதன் சாரம்.

டிரெய்லர் தனியாக ஆடினால் இதோடு போய்விடும்: மெதுவாக அடங்கும், அவ்வளவே. அது தனியாக இல்லை. ஒவ்வொரு வீச்சிலும் அது குண்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. குண்டு இருப்பதோ பிக்கப்பின் பின்அச்சுக்கும் பின்னால் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி. கடப்பாரையின் நுனியைத் தள்ளுவது மாதிரி, அந்த இடத்தில் சிறு தள்ளலும் பிக்கப்பின் பின்புறத்தை நகர்த்தி, முன்புறத்தை எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். பிக்கப் திரும்பினால் குண்டு நகரும். குண்டு நகர்ந்தால் டிரெய்லருக்கு அடுத்த வீச்சு. இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல், டயர் அடக்குவதைவிட அதிகமான ஆற்றல் ஆட்டத்துக்குள் போய்ச் சேரும். அந்த வேகத்தைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிது. எண்டவர் ஆடாததற்குக் காரணம் இப்போது புரியும். நடைவேகத்தில் அந்த எல்லை கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது.

அந்த எல்லை எந்த வேகத்தில் வரும்? 90-லா, 130-லா? அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, புறப்படும் முன் வாசலில் நின்று சாமான் ஏற்றிய கைகள்.

மாட்டுவண்டிக்காரரின் சொல்

மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றிப் பழகியவர்களிடம் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: முன்பாரம். அச்சுக்கு முன்னால் பாரம் கூடினால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அமுக்கும். பின்னால் கூடினால், அதாவது பின்பாரமானால், நுகத்தடி மேலே எழும்பும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். அதனால் நுகத்தடி கழுத்தில் பதமாக உட்காரும்படி பார்த்துப் பார்த்து மூட்டையை அடுக்குவார்கள்.

டிரெய்லரிலும் மூக்கு குண்டின் மேல் எவ்வளவு எடையோடு உட்காருகிறது என்பதுதான் உயிர்நாடி. அமெரிக்க நடைமுறையில் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக வரவேண்டும். 3,000 கிலோ டிரெய்லர் என்றால் 300 முதல் 450 கிலோ. சாமானில் 60 சதவீதத்தை முன்பாதியில் ஏற்றச் சொல்வதும் இதற்காகவே.

ஏன் முன்னால்? அம்பை நினைத்துக்கொள்ளுங்கள். முனையில் இரும்பு, வாலில் இறகு. கனம் முன்னாலும் பிடிப்பு பின்னாலும் இருப்பதால் அம்பு நேராகப் போகிறது. டிரெய்லரில் இறகின் வேலையைச் செய்வது டயர். ஈர்ப்பு மையம் அச்சுக்கு முன்னால் இருந்தால் டயர்கள் பின்னாலிருந்து அதை நேர்ப்படுத்தும். ஈர்ப்பு மையம் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால் அது அம்பைத் திருப்பி எய்தது போலத்தான்: கனமான வால் தன் போக்கில் வெளியே வீசிக்கொண்டு போகும், டயரின் பிடி எடுபடாது. இதைக் காட்ட ஒரு எளிய செயல்விளக்கம் உண்டு. ஓடும் பட்டையின் மேல் பொம்மைக் காரும் பொம்மை டிரெய்லரும். எடைக்கட்டிகளை முன்னால் வைத்து டிரெய்லரை விரலால் தட்டினால் இரண்டு முறை ஆடிவிட்டு அடங்கும். அதே கட்டிகளைப் பின்னால் நகர்த்திவிட்டு அதே விரலால் தட்டினால், நான்கைந்து ஆட்டத்தில் காரும் டிரெய்லரும் பட்டையைவிட்டுப் புரண்டு விழும்.

நிஜ டிரெய்லரில் யாரும் வேண்டுமென்று பின்பாரம் ஏற்றுவதில்லை. அது தெரியாமல் வந்து சேருகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிரெய்லர் 3,000 கிலோ, முன்பாரம் 360 கிலோ; சரியாக 12 சதவீதம். அச்சிலிருந்து குண்டு 5 மீட்டர் முன்னால். முகாமுக்குப் புறப்படும்போது தண்ணீர்த் தொட்டியை நிரப்புகிறார்கள். 150 லிட்டர், 150 கிலோ. தொட்டி அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் இருந்தால், நெம்புகோல் கணக்கில் மூக்கிலிருந்து 60 கிலோ கழியும். பின்பம்பரில் குழந்தைகளின் சைக்கிள்களும் அவற்றை மாட்டும் சட்டமும், 70 கிலோ, 4 மீட்டர் பின்னால். இன்னொரு 56 கிலோ கழிந்தது. இப்போது மொத்த எடை 3,220, முன்பாரம் 244. சதவீதம் எட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. தண்ணீரும் சைக்கிளும் தவிர ஒன்றும் மாறவில்லை. போன மாதம் சாதுவாக வந்த அதே டிரெய்லர், இந்த மாதம் லாரி ஒன்று பக்கத்தில் கடந்ததும் ஆட ஆரம்பிக்கிறது.

இரண்டு கோடியிலும் சாமானைக் குவித்துத் தராசைச் சமன் செய்வதும் உதவாது. முன்பாரம் சரியாகத்தான் காட்டும். ஆனால் திருப்பத்தை எதிர்க்கும் குணம், பாடப் புத்தகம் 'நிலைமத் திருப்புத்திறன்' என்று சொல்வது, தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். நடுவிலிருந்து 1 மீட்டரில் வைத்த 100 கிலோவை 3 மீட்டருக்கு நகர்த்தினால் அதன் பங்கு ஒன்பது மடங்கு. அப்படிப்பட்ட டிரெய்லர் ஆடத் தொடங்கத் தாமதிக்கும், ஆடத் தொடங்கினால் நிற்கவும் மறுக்கும். எனவே கனமானவை அச்சுக்குப் பக்கத்தில், சற்றே முன்னால், தரையோடு தரையாக இருக்கட்டும்.

முன்பாரம் கூடிப்போனாலும் கேடுதான். குண்டின் மேல் 350 கிலோ, பின்அச்சிலிருந்து குண்டு 1.3 மீட்டர், இரண்டு அச்சுகளுக்கும் இடையே 3.7 மீட்டர் என்றால், பிக்கப்பின் முன்சக்கரங்கள் 120 கிலோவுக்கு மேல் இலேசாகிவிடும். ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. இரவில் முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். நுகத்தடி கழுத்தை நெரிக்கவும் கூடாது, நசுக்கவும் கூடாது.

குளியலறைத் தராசு போதும்

முன்பாரத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது. நெடுஞ்சாலையோரத்தில் லாரிகள் நிற்கும் இடங்களில் உள்ள எடை மேடையில் ஒவ்வொரு அச்சின் எடையையும் தனித்தனியே தெரிந்துகொள்ளலாம். டிரெய்லரோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை ஏற்றினால் கணக்கு கைக்கு வந்துவிடும்.

வீட்டிலேயே செய்யவும் வழி உண்டு. டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அண்டை கொடுங்கள். தரையில் ஒரு பக்கம் செங்கல், மூன்றடி தள்ளி மறுபக்கம் ஆள் எடை பார்க்கும் தராசு. தராசின் உயரத்துக்குச் செங்கல்லைச் சமன் செய்து, இரண்டின் மேலும் கனத்த மரச்சட்டம் ஒன்றைக் குறுக்கே வையுங்கள். செங்கல்லிலிருந்து ஒரு அடியில், தராசிலிருந்து இரண்டு அடியில், சட்டத்தின் மேல் டிரெய்லரின் மூக்கை இறக்குங்கள். எடையில் இரண்டு பங்கு செங்கல்லுக்கும் ஒரு பங்கு தராசுக்கும் போகும். தராசு 120 காட்டினால் முன்பாரம் 360 கிலோ. சட்டத்தின் எடையைக் கழிக்க, முதலிலேயே தராசு காட்டியதைக் குறித்துக்கொண்டால் போதும். மூன்று டன் வண்டியின் தலைவிதி ஒரு குளியலறைத் தராசில் தெரிந்துவிடும்.

டயரையும் இதே கையோடு பார்த்துவிடலாம். நேர்ப்படுத்தும் விசை, அடக்கும் விசை இரண்டுமே டயரின் பக்கவாட்டு விறைப்பிலிருந்து வருபவை. காற்று குறைந்த டயர் வாழைத்தண்டுபோல் வளைந்து கொடுக்கும். டிரெய்லருக்கென்றே செய்யப்படும் டயர்களில் பலவற்றுக்கு வேக வரம்பு மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீட்டர் என்பதும் பலர் கவனிக்காத செய்தி.

குண்டை அச்சுக்கு மேல் ஏற்றியவர்கள்

பின்அச்சுக்கு வெளியே நீட்டியிருக்கும் குண்டுதான் வில்லன் என்றால், அதை அச்சுக்கு நேர் மேலேயே வைத்துவிட்டால் என்ன? லாரிக்காரர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே வைத்துவிட்டார்கள். 1914-இல் டெட்ராய்ட் நகரின் கொல்லர் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப், ஒரு மர வியாபாரியின் படகை ஃபோர்டு மாடல் டி காரின் பின்னால் கொண்டுபோக ஒரு வண்டி செய்து கொடுத்தார். அதன் முன்பகுதி காரின் மேலேயே சவாரி செய்தது. 'செமி டிரெய்லர்' என்ற பெயர் அவர் வைத்தது. குதிரை வண்டியின் முன்அச்சு திரும்புவதற்காகப் படுக்கை வசத்தில் ஒரு ஐந்தாம் சக்கரம் இருக்கும்; அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டு, பிக்கப்பின் சாமான் தளத்தில் பொருத்தும் இணைப்புக்கு இன்றும் 'ஃபிஃப்த் வீல்' என்று வழக்கு. அங்கே டிரெய்லர் பக்கவாட்டில் தள்ளினாலும் நெம்பக் கை கிடைக்காது. பின்அச்சு அதை நேராக வாங்கித் தரையில் இறக்கிவிடும். அதனால் இந்த வகை டிரெய்லர்களில் முன்பாரம் 15 முதல் 25 சதவீதம் வரை இருக்கலாம், ஆட்டமும் அபூர்வம்.

எல்லோராலும் சாமான் தளத்தை விட்டுக்கொடுக்க முடியாது. பம்பருக்குக் கீழே குண்டு வைத்தவர்களுக்கும் கருவிகள் உண்டு. 'வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்' என்ற எடை பகிரும் இணைப்பு இரண்டு வில்கம்பிகளின் விறைப்பால் மூக்கின் எடையில் ஒரு பகுதியை பிக்கப்பின் முன்சக்கரத்துக்கும் டிரெய்லரின் அச்சுக்கும் திருப்பி அனுப்புகிறது. இலேசான ஸ்டியரிங் பழையபடி கனம் பெறுகிறது. இதோடு உராய்வுப் பட்டை சேர்த்தால், மூட்டு எளிதில் சுழலாமல் இறுக்கம் கூடும். சின்ன ஆட்டங்கள் அதிலேயே செத்துவிடும். இன்னும் நுட்பமானது ஹென்ஸ்லி ஹிட்ச். நான்கு கை இணைப்பின் வடிவியலால், குண்டு இருக்கும் இடத்தில் சுழலாமல், பின்அச்சுக்கு அருகே உள்ள ஒரு கற்பனைப் புள்ளியைச் சுற்றிச் சுழலுவதுபோல் டிரெய்லரை நடக்கவைக்கிறது. சாமான் தளத்தில் துளை போடாமலே ஃபிஃப்த் வீலின் பலனில் பெரும்பகுதி கிடைக்கிறது.

மின்னணுவும் கைகொடுக்கிறது. கார் சறுக்காமல் காக்கும் நிலைப்புக் கட்டுப்பாட்டை 1995-இல் பாஷ் நிறுவனமும் மெர்சிடஸும் கொண்டுவந்தன. அமெரிக்காவில் 2012 மாடல் முதல் எல்லாக் கார்களிலும் இலகு ரக பிக்கப்களிலும் அது கட்டாயம். வண்டி எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அளக்கும் அதே உணரிக்கு, டிரெய்லர் குண்டைத் தட்டும் தாளமும் புலப்படும். ஃபோர்டு தன் 2009 எஃப்-150 பிக்கப்பில் இதைப் பயன்படுத்தி டிரெய்லர் ஆட்டக் கட்டுப்பாட்டைச் சேர்த்தது. தாளத்தைக் கேட்டதும் இடது வலது பிரேக்குகளை மாற்றி மாற்றித் தொட்டு, எஞ்சின் விசையையும் குறைத்துவிடும்.

ஆனால் இவை எதுவும் பின்பாரத்துக்கு மருந்தல்ல. நல்ல ஹிட்ச் ஆட்டத்தின் எல்லையைக் கொஞ்சம் மேலே தள்ளும். அந்தத் துணிச்சலில் ஓட்டுநர் வேகத்தையும் கூட்டினால் பழைய இடத்துக்கே வந்து நிற்பார்.

ஆடிவிட்டால்

எல்லாம் சரியாக இருந்தும் ஆடலாம். எட்டு மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள டிரெய்லரின் பக்கச் சுவர் 20 சதுர மீட்டர் பாய்மரம். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகக் குறுக்குக்காற்று அதன் மேல் 270 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். பெரிய லாரி கடந்துபோகும்போது அதன் காற்று முதலில் தள்ளி, பிறகு இழுக்கும். இறக்கத்தில் பின்னால் இருக்கும் கனம் முன்னால் இருப்பதை முட்டும். முதல் அறிகுறி இருக்கையில்தான் தெரியும்: யாரோ பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து இடமும் வலமும் மெல்ல அசைப்பது மாதிரி. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லரின் ஒரு விலா எட்டிப் பார்த்து மறையும், அடுத்து மறு விலா.

அப்போது கை செய்ய நினைப்பதெல்லாம் தவறாகவே இருக்கும். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கத் தோன்றும். ஆனால் பார்த்து, புரிந்து, கை திருப்புவதற்குள் அரை விநாடிக்கு மேல் ஓடிவிடும். அதற்குள் டிரெய்லர் திசை மாறியிருக்கும். ஊஞ்சலை நிறுத்தப் போய், சரியாகத் திரும்பும் நேரத்தில் தள்ளிவிட்ட கதை. ஆக்சிலரேட்டரை அழுத்தி 'இழுத்து நேராக்கும்' பழைய யோசனையும் ஆபத்து. வேகம் கூடினால் தடை குறையும் என்று பார்த்தோம். பிக்கப்பின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் முன்னால் இருப்பது நிற்கப் பார்க்கும், பின்னால் இருப்பது மடங்கும்.

செய்ய வேண்டியது மூன்று. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி வைத்திருங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை நிதானமாக எடுங்கள். டிரெய்லருக்குத் தனி மின்பிரேக் இருந்தால், டாஷ்போர்டில் உள்ள அதன் கட்டுப்பாட்டுக் கருவியைக் கையால் அழுத்தி டிரெய்லரை மட்டும் பிடியுங்கள். தொய்ந்த கயிற்றின் பின்நுனியைப் பிடித்து இழுத்தால் நேராவதுபோல் முழு வரிசையும் நேராகும். வேகம் எல்லைக்குக் கீழே இறங்கியதும் ஆட்டம் தானே அடங்கும். பிறகு அப்படியே பயணத்தைத் தொடராமல், ஓரமாக நிறுத்திப் பாரத்தைப் பாருங்கள்.

வேகத்துக்கும் முன்பாரத்துக்கும் உள்ள கணக்கை நாடுகளின் சட்டங்களிலும் படிக்கலாம். ஐரோப்பாவில் முன்பாரம் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதமே வழக்கம்; ஆனால் ஜெர்மனியில் டிரெய்லர் கட்டிய கார்களுக்குப் பொதுவான வரம்பு 80 கிலோமீட்டர், பிரிட்டனின் மோட்டார்வேயில் 60 மைல். அமெரிக்காவில் டெக்சஸின் ஒரு சாலையில் 85 மைல் வரை அனுமதி உண்டு. கலிஃபோர்னியாவோ டிரெய்லர் இழுப்பவர்களை 55 மைலில், அதாவது 89 கிலோமீட்டரில் நிறுத்தி வைத்திருக்கிறது. 1945 முதல் டிரெய்லர் வாடகைக்கு விடும் யூ-ஹால் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதும் அதே 55 தான்.

வட அமெரிக்காவில் வீடு மாறும் நம்மவர்களில் பலரும் அப்படி ஒரு வாடகை டிரெய்லரை ஒருநாள் கட்டத்தான் போகிறார்கள். கட்டும்போது குளிர்சாதனப் பெட்டியும் புத்தகப் பெட்டிகளும் முன்னால் போகட்டும், தலையணைகள் பின்னால் போகட்டும். டயரில் காற்றைப் பாருங்கள், 55-ஐத் தாண்டாதீர்கள். நூற்றுக்கணக்கான டாலர் போட்டு வாங்கும் கருவிகளுக்கு முன்னால் செய்யவேண்டியவை இவை. இவற்றுக்குக் காசு கிடையாது.